காவல்காரனின் பட்டியலும் நான்கு பூஜ்யங்களும்

சரித்திரம் என்றால் இந்தப் பக்கத்தில் துய்ப்ளேக்ஸ், லாலி, கோட்டை இடிப்பு என்றே எழுதி வந்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு மாறுதல். நம் வயதுக்காரர்கள் பள்ளியில் படித்த காலத்தில் தொடங்கி, நம் கண்ணெதிரே நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்லப் போகிறேன்.

கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விட வேண்டாம். நம் வீட்டு மூலையில் பச்சை விளக்கு மின்ன உட்கார்ந்திருக்கும் இணையப் பெட்டியை ரவுட்டர் என்கிறார்கள். அதற்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். வருகிற ஒவ்வொரு தபாலையும் பார்த்து, உள்ளே விடுவதா, தள்ளிவிடுவதா என்று முடிவு செய்வது அவன் வேலை. அவன் கையில் ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலைக் கணினியின் நினைவகத்தில் எப்படி எழுதி வைத்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதுதான் கதை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு லினக்ஸ் பழக ஆரம்பித்தேன். அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அது எழுதப்பட்டிருப்பது சி மொழியில். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஆங்கிலம் பிற்பாடு ஒட்டிக்கொண்ட மொழிதான். ஆனால் 1989-ல் அமெரிக்காவில் சி மொழிக்குத் தரம் வகுத்தபோது அதில் இருந்த சொற்கள் மொத்தமே 32. அதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். குமாஸ்தாவுக்கு அது நிறையவே உண்டு.

தபால் உறைகள்

இணையத்தில் எந்தச் செய்தியும் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, மொத்த நீளம் எல்லாம் எழுதியிருக்கும். இதற்குப் பாக்கெட் என்று பெயர். அமெரிக்காவில் 1969-ல் அர்ப்பாநெட் தொடங்கியது. பிரான்சில் லூயி பூஸேன் என்ற பொறியாளர் 1972-ல் சிக்லாத் என்ற வலையமைப்பைத் தொடங்கினார். முன்கூட்டி வழி பிடித்து வைக்காமல், ஒவ்வொரு பொட்டலமும் தானே வழி தேடிப் போகட்டும் என்பது அவர் கொள்கை. பிரெஞ்சு தபால் தந்தித் துறைக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் டிரான்ஸ்பாக் என்ற வேறொரு முறையைக் கட்டினார்கள், சிக்லாத் 1981-ல் மூடப்பட்டது. ஆனால் அந்த யோசனை அமெரிக்காவின் விண்ட் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோருக்குப் பயன்பட்டது. 1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் முழுவதும் டி.சி.பி./ஐ.பி. முறைக்கு மாறியது. இன்றும் அதே முறைதான்.

முதலில் இந்த வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தார், ஆராய்ச்சிக்காரர்கள். ஒருவரையொருவர் நம்பினார்கள். 1988 நவம்பர் 2 அன்று அந்த நம்பிக்கை உடைந்தது. ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட புழு நிரல் ஒன்று வலையில் இருந்த ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு நிரல் வெளியிலிருந்து வரும் வரியை வாங்கி வைக்க 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. புழு 536 பைட் அனுப்பியது. எவ்வளவு வருகிறது என்று அந்த நிரல் எண்ணிப் பார்க்கவில்லை. மிஞ்சிய 24 பைட்டும் பக்கத்து இடத்தில் போய் விழுந்து, அங்கே இருந்ததை அழித்து எழுதின.

வாசலில் காவல் வேண்டும் என்ற எண்ணம் இதற்குப் பிறகு வலுத்தது. நான் சொல்ல வந்த கதையில், அந்தக் காவல்காரனுக்கே இதே நோய் வருகிறது.

அளவு மாறும் படிவம்

சி மொழியை உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், 1972-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அவரும் கென் தாம்சனும் யூனிக்ஸை வளர்த்த முதல் பி.டி.பி.-11 இயந்திரத்தில் இருந்த நினைவகம் 24 கிலோபைட். இன்று கைப்பேசியில் வரும் ஒரு காலை வணக்கப் படத்துக்குக்கூட அது போதாது. ஆகவே ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழிக்கிற மொழியாக அது அமைந்தது. நீங்கள் கேட்கிற அளவு இடத்தைக் கொடுக்கும். அந்த எல்லைக்குள்தான் எழுதுகிறீர்களா என்று பின்னால் வந்து பார்க்காது. அது எழுதுபவர் பொறுப்பு.

சி மொழியில் ஸ்ட்ரக்ட் என்று ஒன்று உண்டு. அச்சடித்த படிவம் மாதிரி. பெயருக்கு 30 கட்டம், வயதுக்கு 2 கட்டம் என்று அளவு முன்பே தீர்மானமாகியிருக்கும். ஆனால் நடைமுறையில் எல்லாமே கட்டத்துக்குள் அடங்குமா? ஒருவருக்கு ஒரு பிள்ளை, இன்னொருவருக்கு ஒன்பது. ஒன்பது பேருக்கும் கட்டம் போட்டு அச்சடித்தால் காகிதம் வீண்.

அதற்கு நிரலாளர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். படிவத்தின் கடைசியில் ஒரே ஒரு கட்டம் மட்டும் போடுவது. இடம் கேட்கும்போது, படிவத்தின் அளவோடு தேவையான கூடுதல் கட்டங்களையும் சேர்த்துக் கேட்டு வாங்குவது. பிறகு கடைசிக் கட்டத்தைத் தாண்டியும் எழுதிக்கொண்டே போவது. இடம் நம்முடையதுதான், படிவத்தில்தான் அச்சாகவில்லை. ரிட்சிக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மொழியோடு அளவுக்கு மீறிப் பழகுவது என்கிற பொருளில் அவர் சொன்னதாகப் பதிவு உண்டு. ஆனாலும் எல்லோரும் செய்தார்கள். ஜி.சி.சி. என்ற இலவசத் தொகுப்பி, கடைசியில் பூஜ்யம் கட்டம் என்றே எழுத அனுமதித்தது. 1999-ல் வந்த தரம், எண்ணே போடாமல் காலி அடைப்பாக எழுதலாம் என்று முறைப்படி ஏற்றுக்கொண்டது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல். எத்தனை கட்டம் வாங்கினோம் என்று படிவத்துக்குத் தெரியாது. அதை எங்காவது ஒரு எண்ணாக எழுதி வைக்க வேண்டும். அந்த எண் தப்பானால் எல்லாம் தப்பு.

நான்கு தலைமுறைக் காவல்

லினக்ஸை ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கினார். அதன் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அதற்குப் பாக்கெட் வடிகட்டும் காவலைக் கொண்டுவந்தவர் ஆலன் காக்ஸ், 1994 இறுதியில், பி.எஸ்.டி. யூனிக்ஸிலிருந்து. யோஸ் வோஸ் முதலியோர் அதை மேம்படுத்தினார்கள். 1998 நடுவில் ரஸ்டி ரஸ்ஸல் என்ற ஆஸ்திரேலியர், மைக்கேல் நியூலிங் துணையோடு ஐ.பி.செயின்ஸ் என்ற மூன்றாம் தலைமுறையை எழுதினார். மறு ஆண்டே அதையும் ஒதுக்கிவிட்டு நான்காவதைத் தொடங்கினார். அதுதான் ஐ.பி.டேபிள்ஸ். 2001 ஜனவரியில் லினக்ஸ் 2.4-உடன் வெளிவந்தது.

முந்தைய தலைமுறையில் ஒவ்வொரு விதியும் ஒரே அளவுள்ள படிவம். எந்த முகவரியிலிருந்து, எந்தக் கதவுக்கு, விடு அல்லது தடு. அவ்வளவுதான். ஆனால் ஆட்களின் தேவை பெருகியது. நிமிடத்துக்கு இத்தனை பாக்கெட்தான் விட வேண்டும் என்றார் ஒருவர். ஏற்கெனவே நடக்கும் உரையாடலின் பதிலாக இருந்தால் மட்டும் விடு என்றார் இன்னொருவர். ஒவ்வொரு தேவைக்கும் மூலப் படிவத்தில் கட்டம் சேர்க்க முடியாது. ஆகவே ரஸ்ஸல் படிவத்தையே நீளம் மாறுவதாக அமைத்தார். முன்னே ஒரு நிலையான தலைப்பு. அதன் பின்னே தேவைப்படுகிற நிபந்தனைகள், ஒன்றோ பத்தோ. கடைசியில் தீர்ப்பு. புதிய நிபந்தனையை யார் வேண்டுமானாலும் தனியாக எழுதிச் சேர்க்கலாம்.

கணக்கோடு சொல்கிறேன். தலைப்பு 112 பைட். டி.சி.பி. முறையில், 22-ம் எண் கதவுக்கு வருவதா என்று பார்க்கும் நிபந்தனை 44 பைட். தீர்ப்பு 36 பைட். ஆனால் 64-பிட் கணினியில் ஒவ்வொரு பகுதியும் 8-இன் மடங்கில் முடிய வேண்டும் என்பதால் 44 என்பது 48 ஆகிறது, 36 என்பது 40 ஆகிறது. ஆக மொத்தம் 200 பைட். நிபந்தனையே இல்லாத விதிக்கு 152 போதும். இப்படி 152, 200, 248 என்று வெவ்வேறு நீளமுள்ள விதிகள் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே நீளத் துண்டாக நினைவகத்தில் கிடக்கும்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. பிரெஞ்சுக் காலத்து எத்தா சிவில் பதிவேடுகளைப் பாருங்கள். 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த கோத் சிவில் அதற்கு விதி வகுத்தது. பிறப்போ திருமணமோ இறப்போ, பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக, நடுவே வெற்றிடம் விடாமல் எழுத வேண்டும். தாள்களுக்கு முன்கூட்டியே எண்ணிட்டு நீதிமன்றத் தலைவர் சுருக்கொப்பம் போட்டிருக்க வேண்டும். ஒரு திருமணப் பதிவு ஒன்றரைப் பக்கம் வரும், ஓர் இறப்புப் பதிவு அரைப் பக்கத்தில் முடியும். இடம் வீணாகாது. வெற்றிடம் இல்லாததால் பின்னால் யாரும் நடுவே ஒரு வரியைச் செருகவும் முடியாது.

ஆனால் அந்தப் பதிவேட்டைப் படிப்பவர் மனிதர். ஒரு பதிவு எங்கே முடிகிறது என்பது கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். இயந்திரத்துக்குக் கண் இல்லை. அதனால் ஐ.பி.டேபிள்ஸில் ஒவ்வொரு விதியின் தலைப்பிலும் இரண்டு எண்கள் இருக்கின்றன. தீர்ப்பு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, அடுத்த விதி எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது. என் உதாரணத்தில் 160, 200. காவல்காரன் 200 அடி நடந்தால் அடுத்த விதியில் சரியாகக் கால் வைப்பான். தலைப்பில் 190 என்று எழுதியிருந்தால்? ஒரு விதியின் வயிற்றில் கால் வைத்துவிட்டு, அங்கே கிடக்கும் எண்களை விதியின் தலைப்பு என்று நினைத்துப் படிப்பான்.

எழுதியது யார், சரிபார்த்தது யார்

இந்தப் பட்டியலைத் தயாரிப்பது கெர்னல் அல்ல, வெளியே ஓடும் ஒரு சாதாரண நிரல். அது எல்லா விதிகளின் நீளத்தையும் கூட்டி, அவ்வளவு இடம் கேட்டு வாங்கி, எழுதி முடித்து, முழுத் துண்டையும் கெர்னலிடம் நீட்டும். இத்தனை விதிகள், மொத்தம் இத்தனை பைட் என்று முகப்பில் எழுதியிருக்கும். கெர்னல் அந்த மொத்தத்தைப் பார்த்துத் தன் பக்கம் இடம் ஒதுக்கிப் பிரதி எடுக்கும். முதலிலிருந்து கடைசி வரை நடந்து ஒவ்வொரு நீளத்தையும் சரிபார்க்கும். எல்லாம் சரியென்றால் பழைய பட்டியலை எடுத்துவிட்டு ஒரே நொடியில் புதியதை மாட்டும். பாதிப் பட்டியலோடு காவல்காரன் நிற்கும் நிலை வராது. அழகான ஏற்பாடு.

பட்டியலை நீட்டும் உரிமை, கணினியின் நிர்வாகிக்கு மட்டுமே இருந்தது. அவரோ எதையும் செய்ய அதிகாரம் உள்ளவர். அவர் தப்பான நீளம் எழுதினால் நஷ்டம் அவருக்கே. எனவே சரிபார்ப்பில் ஒன்றிரண்டு ஓட்டை இருந்தாலும் யாருக்கும் அவசரம் இல்லை. மேலதிகாரியே கையில் கொண்டுவந்து கொடுக்கும் கோப்பில் எந்தக் குமாஸ்தா இணைப்புகளை எண்ணிப் பார்ப்பான்?

2013-ல் வந்த லினக்ஸ் 3.8-உடன் நிலைமை மாறியது. ஒரே கணினியைப் பலருக்குத் தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்துக் கொடுக்கும் வசதிக்காக, சாதாரணப் பயனாளரும் தனக்கென்று ஒரு தனி அறையை உண்டாக்கி, அந்த அறைக்குள் மட்டும் தானே நிர்வாகி என்று இருக்கலாம் என ஆனது. அறைக்குள் நிர்வாகி என்றால் அந்த அறைக்குப் பாக்கெட் பட்டியல் நீட்டும் உரிமையும் உண்டு. ஆனால் அதை வாங்கிச் சரிபார்க்கும் கெர்னல் எல்லா அறைகளுக்கும் பொதுவானது. கோப்பைக் கொண்டுவருகிற ஆள் மாறிவிட்டார். சரிபார்க்கும் முறை பழையதாகவே இருந்தது.

விளைவு 2016-ல் தெரிந்தது. விதியின் தலைப்பில் உள்ள அந்த எண்களைக் கெர்னல் போதுமான அளவு சோதிக்கவில்லை என்று கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு காட்டியது. பொய்யான நீளம் எழுதிக் கொடுத்தால், கெர்னல் தன் நினைவகத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும். அதை அடைத்தார்கள்.

நான்கு பூஜ்யங்கள்

அதைவிடப் பெரிய கதை 2021-ல். முன்னே 44 என்பது 48 ஆகும் என்று சொன்னேன் அல்லவா? அந்த நான்கு பைட்டுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. வெறும் நிரப்பல். பழைய 32-பிட் நிரல்களுக்கு அது தேவைப்படுவதில்லை. அவற்றில் 44 என்பது 44-தான், 36 என்பது 36-தான். என் உதாரண விதி அங்கே 192 பைட். அப்படி ஒரு பழைய நிரல் 64-பிட் கெர்னலிடம் பட்டியல் நீட்டினால், கெர்னல் அதை மொழிபெயர்த்து நிரப்பல் சேர்த்து எழுத வேண்டும். நிரப்பிய இடத்தில் பழைய குப்பை எதுவும் இருக்கக் கூடாது என்று அங்கே பூஜ்யம் எழுதி வைத்தார்கள், 2006-ல். நல்லெண்ணத்தோடு செய்த துப்புரவு வேலை.

ஆனால் இடம் ஒதுக்கும்போது போட்ட கணக்கில் இந்த நிரப்பல் எப்போதும் சேரவில்லை. கடைசி விதியின் தீர்ப்பு ஒதுக்கிய இடத்தின் விளிம்பிலேயே முடியும்படி ஒரு பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தால், துப்புரவு செய்கிற வரி விளிம்பைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டில் பூஜ்யம் எழுதிவிட்டு வரும்.

நான்கே நான்கு பைட், அதுவும் வெறும் பூஜ்யம். அதனால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். ஆண்டி நுயென் என்ற கூகுள் பாதுகாப்புப் பொறியாளர் அதை வைத்தே கெர்னல் முழுவதையும் வசப்படுத்த முடியும் என்று நிரூபித்தார். பக்கத்தில் இருப்பது ஒரு முகவரியாக இருக்கும்படி அவர் ஏற்பாடு செய்துகொண்டார். அந்த முகவரியின் கடைசி இரண்டு பைட் பூஜ்யமானால் அது வேறு வீட்டைக் காட்டும். 4717-ம் எண் வீட்டுக்குப் போக வேண்டிய தபால் 4700-க்குப் போவது போல. அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடும் அந்தக் குழப்பத்திலிருந்து படிப்படியாக ஏறி, தடுப்புச் சுவர்களைத் தாண்டி, முழுக் கணினிக்கும் நிர்வாகி ஆனார். கூகுள் அதற்கு 10,000 டாலர் பரிசு கொடுத்தது. அதை அவர் தர்மத்துக்குக் கொடுத்தார்.

2006-லிருந்து 2021 வரை, 15 ஆண்டுகள், யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய நிரலில் அந்த வரி கிடந்தது. படித்தவர்கள் சாமான்யர்கள் அல்லர். அந்த வரி தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கிறது. இடம் ஒதுக்கிய வரியும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தால்தான் நான்கு பைட் உதைக்கும். புளோரியன் வெஸ்ட்ஃபால் என்பவர் எழுதிய திருத்தம் எளிமையானது. ஒதுக்கிய இடம் முழுவதையும் தொடக்கத்திலேயே பூஜ்யமாக்கிவிடு, நிரப்பலில் தனித்தனியாகப் பூஜ்யம் எழுதும் வரிகளை எடுத்துவிடு.

பிறகு

ஐ.பி.டேபிள்ஸுக்கு வாரிசாக என்.எஃப்.டேபிள்ஸ் 2014 ஜனவரியில் லினக்ஸ் 3.13-உடன் வந்தது. பேட்ரிக் மெக்ஹார்டி தொடங்கியதைப் பாப்லோ நெய்ரா அயுசோ முடித்தார். ஒரு விதியைச் சேர்க்க முழுப் பட்டியலையும் திருப்பி எழுதும் தொல்லை இதில் இல்லை. ஆனாலும் அனுப்புகிற ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் நீளத்தை எழுதித்தான் அனுப்புகிறார்கள். அதற்கு மாற்று இல்லை.

மாறியிருப்பது சரிபார்க்கும் பழக்கம். படிவம் ஒன்று, கூடுதல் கட்டம் இத்தனை என்று சொன்னால் மொத்த இடத்தைத் தவறில்லாமல் கணக்கிடும் பொதுக் கருவி ஒன்று 2018-ல் கெர்னலில் வந்தது. அவரவர் கையால் கூட்டிப் பெருக்க வேண்டாம். பூஜ்யம் கட்டம் என்று எழுதிய பழைய படிவங்களை ஆயிரக்கணக்கில் தேடித் தேடி 1999-ன் முறைக்கு மாற்றி வருகிறார்கள். 2023 முதல், இந்தக் கடைசிப் பகுதியின் எண்ணிக்கை படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறது என்று குறித்துக் காட்டவும் தொடங்கினார்கள். அதைப் பார்த்துத் தொகுப்பியே எல்லையைக் காவல் காக்கும். ரிட்சி 2011-ல் காலமாகிவிட்டார். அவர் மொழியில் எழுதுபவர் தலையில் மட்டும் இருந்த பொறுப்பு, 50 ஆண்டு கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக இயந்திரத்துக்கும் பகிரப்படுகிறது.

திருத்தம் எழுதியாகிவிட்டது, சரி. அது நம் வீட்டுப் பெட்டிக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு விஷயம். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் இன்னும் பழைய கெர்னல்தான் ஓடுகிறது. கைப்பேசியிலோ ரவுட்டரிலோ புதுப்பிக்கட்டுமா என்று கேட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் இளையவர்கள் யாராவது இருந்தால் ரவுட்டருக்குப் புதுப்பித்தல் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான்.